ஆறு மாதம் என்றாலும் நொத்தாரிசிடம் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு நகரிலும் கல்லடி, நாவற்குடா, ஊறணிப் பக்கங்களிலும் கேற்றில் தொங்கும் அட்டைகளில் ஒரே வாசகம்தான் இருக்கிறது: ‘வீடு வாடகைக்கு உண்டு. குறைந்தது ஒரு வருடம்.’ அதை வாசித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் யார்? போதனா வைத்தியசாலையில் தொடர் சிகிச்சைக்காக, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வந்து மூன்று மாதம் தங்க வேண்டிய குடும்பம். ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்யும் திட்ட உத்தியோகத்தர். இடமாற்றக் கடிதத்தைக் காத்திருக்கும் ஆசிரியை. உயர்தரப் பரீட்சை முடியும்வரை பிள்ளையோடு நகரில் நிற்க வந்த தாய். சொந்த வீட்டின் கூரையைப் பிரித்து மேல்மாடி எழுப்புகிறவர்கள். கலியாணம் ஒன்றுக்காக வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று மாதம் நிற்பவர்கள். இவர்களில் எவருக்கும் ஒரு வருடம் தேவையில்லை. ஆனாலும் ‘கொஞ்ச நாளைக்கெண்டா குடுக்கிறதில்ல’ என்ற பதில்தான் கிடைக்கிறது. கடைசியில் ஒரு வருடத்துக்குக் காசு கட்டிவிட்டு நாலு மாதத்தில் எழும்பிப் போகிறார்கள், அல்லது ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியேறுகிறார்கள். இரண்டிலும் சண்டை முடிவில் காத்திருக்கிறது.

வாடகை, குத்தகை உடன்படிக்கைகளோடு தினமும் வேலை செய்பவர்கள் என்ற வகையில், வீடு தேடுகிறவர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் வீட்டுக்காரரின் பயம். கொஞ்ச நாளைக்கென்று வந்தவர் எழும்பாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? பத்து வருடம் இருந்தால் வீடே அவருக்குச் சொந்தமாகிவிடுமாமே? வாக்காளர் இடாப்பில் நம் விலாசத்தைப் போட்டுக்கொண்டால்? இந்த மூன்று கேள்விகளும் அடிக்கடி காதில் விழுகின்றன. பத்து வருடக் கதை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. உரிமையாளரை ஏற்காமல், அவருக்கு எதிராகத் தன்னுடையதென்று பத்து வருடம் ஆண்டு அனுபவித்தவருக்கே அந்தச் சட்டம் பொருந்தும். வாடகை கட்டுகிறவர் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்காரரின் உரிமையை ஒப்புக்கொள்கிறார். அதற்குச் சாட்சி பற்றுச்சீட்டும் எழுத்து உடன்படிக்கையும். எழுத்து இல்லாத இடத்தில்தான் அந்தச் சாட்சி இல்லாமல் போகிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதும் வீட்டின் மேல் எந்த உரிமையையும் தராது.

எழும்ப மறுப்பது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம். இதற்கான மருந்து ‘குறைந்தது ஒரு வருடம்’ என்பதில் இல்லை. எழும்ப மறுக்கிறவர் ஒரு வருடம் முடிந்தாலும் மறுப்பார். முடிவுத் திகதி எழுதிய, சட்டப்படி செல்லுபடியாகும் குத்தகைதான் மருந்து. இங்கேதான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பிரசித்த நொத்தாரிசு (சொத்துப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் கையெழுத்திடப்பட வேண்டும். ஆறு மாதம், மூன்று மாதம், இரண்டு மாதம் எல்லாமே இதற்குள் அடங்கும். ‘ஒரு வருடத்துக்குக் குறைந்தால் நொத்தாரிசு தேவையில்லை’ என்று ஊரில் சொல்வது முழுப் பிழை. கோட்டுத்தாளில் எழுதி முத்திரை ஒட்டி, சமாதான நீதவானிடம் சீல் வாங்கி வைத்திருப்பார்கள். அந்தச் சீல் அதைக் குத்தகையாக்காது. அப்படி எழுதிய ஆறு மாத ‘அக்றிமன்ற்’ சட்டத்தின் கண்ணில் மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகையாகவே நிற்கும். அதாவது, வீட்டுக்காரர் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து எழும்பச் சொல்லலாம், குடியிருப்பவரும் ஒரு மாத அறிவித்தலோடு போய்விடலாம். ஆறு மாதம் என்ற உறுதி இரு பக்கத்துக்கும் இல்லை.

குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப்பெறுவதற்கென்று 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழமையான வழக்கைவிடச் சுருக்கமான வழி அதில் இருக்கிறது. அந்த வழியில் போவதற்கு நொத்தாரிசு முன் எழுதிய உடன்படிக்கை கையில் இருக்க வேண்டும். செலவுக்கு அஞ்சி அதைத் தவிர்க்கும் வீட்டுக்காரர், தனக்குக் கிடைக்கக்கூடிய விரைவான பாதையைத் தானே மூடிக்கொள்கிறார். முத்திரைத் தீர்வை குத்தகைத் தொகையின் மேல் கணக்கிடப்படுவதால் குறுகிய தவணைக்கு அது குறைவாகவே வரும். நொத்தாரிசின் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு, இருவரும் பாதி பாதியாகக் கட்டுவதென்று பேசிக்கொள்ளலாம்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: இருவரின் தேசிய அடையாள அட்டை, வீட்டு உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதி, கடைசியாகக் கட்டிய சோலைவரிப் (வீட்டு வரிப்) பற்றுச்சீட்டு, அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள். நொத்தாரிசுக்குக் கையெழுத்திடுபவரைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நின்ற ஆட்டோக்காரரை இரண்டாவது சாட்சியாக உள்ளே கூட்டி வருவது அதனால்தான் சரிவராது.

உண்மையில் ஒன்றிரண்டு மாதம்தான் என்றால், மாத வாடகையாகவே வைத்துக்கொள்வதில் பிழையில்லை. அப்போது பற்றுச்சீட்டு மாதாமாதம் இருக்க வேண்டும், அறிவித்தலின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாடகை மாதம் 10 ஆம் திகதி தொடங்கினால், அது அடுத்த 9 ஆம் திகதி முடியும். மார்ச் 9 இல் வீட்டை விட்டுப் போக விரும்புகிறவர் பெப்ரவரி 10 க்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெப்ரவரி 15 இல் சொன்னால் ஏப்ரல் 9 வரை வாடகை ஓடும். ‘ஒரு மாதம் முன்னமே சொன்னேனே’ என்ற சண்டைகளில் பாதி இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

எத்தனை மாதம் என்று தெரியாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. குறைந்த தவணை கொடுக்கும் வீட்டைத் தேடி அலைவதைவிட, ஒரு வருடக் குத்தகையிலேயே விலகும் வாசகம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘முதல் மூன்று மாதம் முடிந்த பின் எந்தத் தரப்பும் ஒரு மாத எழுத்து அறிவித்தலுடன் இந்தக் குத்தகையை முடிக்கலாம், மீதி முன்வாடகை திறப்புக் கொடுக்கும் நாளில் திருப்பித் தரப்படும்.’ வீட்டுக்காரருக்கு ஒரு வருடம் என்ற ஆறுதல், குடியிருப்பவருக்கு வாசல். இடமாற்றத்தை எதிர்பார்க்கும் ஆசிரியர்களுக்கும் வங்கி உத்தியோகத்தர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இதன் இரண்டாம் பகுதியை விட்டுவிடாதீர்கள். விலகலாம் என்று எழுதிவிட்டு, கட்டிய காசு என்னாகும் என்பதை எழுதாவிட்டால் வாசகத்தால் பயனில்லை.

இதற்குப் பதிலாகப் பலர் செய்வது, ஏழாம் மாதத்தில் போகும்போது திறப்பைக் கூட வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அப்படி வந்தவருக்கு நிற்க நிலம் இல்லை. அவர் உடைத்த கண்ணாடிக்கும் விட்ட கரண்ட் பில்லுக்கும் பழையவரே பொறுப்பு. புதியவர் பெயரில் புதிதாக எழுதுங்கள்.

இனி வாடகை. குறுகிய தவணைக்கு வீட்டுக்காரர் கொஞ்சம் கூடக் கேட்பது நியாயம். ஆள் மாறும்போது வீடு சும்மா கிடக்கும், பூச்சுப் பூச வேண்டும், கழுவ வேண்டும். எவ்வளவு கூட என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வருடக் குத்தகையில் மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 360,000. ஐந்து மாதத்துக்கு ஒருவர், ஒரு மாதம் வெறுமை, மறுபடி ஐந்து மாதத்துக்கு ஒருவர், ஒரு மாதம் வெறுமை என்றால், பத்து மாதம்தான் வாடகை வரும். மாதம் 36,000 என்றால் அதே 360,000 கைக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருவராகக் கொடுத்து ஒவ்வொருவருக்கும் பின் ஒரு மாதம் சும்மா கிடந்தால், ஒன்பது மாத வாடகை. மாதம் 40,000 போதும். ஆக, ஐந்தாறு மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, மூன்று மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கேட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு சதம் நட்டமில்லை. சும்மா கிடக்கும் காலம் ஒரு மாதத்தைவிடக் குறைந்தால் அது இலாபம். நோயாளியோடு வந்து நிற்கும் குடும்பத்திடம் இரட்டிப்பு வாடகை கேட்பதற்கு இந்தக் கணக்கில் எங்கேயும் இடமில்லை. அதை நாங்கள் அநியாயம் என்றே சொல்வோம். கட்டில், குளிரூட்டி, குளிர்சாதனப்பெட்டியோடு கொடுப்பதென்றால் அதற்கான தொகையைத் தனியாகச் சொல்லுங்கள்.

தரகரிடம் போனால், ஒரு வருட வீட்டுக்கு ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்டுப் பழகியவர் மூன்று மாத வீட்டுக்கும் அதையே கேட்பார். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே தவணைக்கு ஏற்றபடி பேசிவிட வேண்டும். பார்த்துப் பிடித்த பிறகு பேசினால் இறங்கமாட்டார்.

‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு காசுகளுக்குப் பாவிப்பதுதான் அடுத்த சிக்கல். ஒன்று, வாடகையில் கழிந்துபோகும் முன்வாடகை. மற்றது, போகும்போது திரும்பி வரவேண்டிய வைப்புக் காசு. 90,000 கொடுத்தவர் மூன்று மாத வாடகை கட்டியாயிற்று என்று நினைப்பார். வாங்கியவர் அதை வைப்பாக எடுத்துக்கொண்டு மாத வாடகையையும் எதிர்பார்ப்பார். உடன்படிக்கையில் இரண்டையும் இரண்டு வரியாக எழுதுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த தவணைக்கு ஒரு மாத வைப்பு போதுமானது. தளபாடத்தோடு கூடிய வீட்டுக்கு இரண்டு மாதம் கேட்கலாம். ஆறு மாதம் இருக்க வருகிறவரிடம் ஆறு மாத வைப்பும் கேட்கும் வழக்கம், கையில் காசில்லாதவரை வெளியே தள்ளுவதற்கு மட்டுமே உதவுகிறது.

வைப்பைத் திருப்பும் நாளையும் எழுதிவிடுங்கள். திறப்பு மாறும் நாளிலேயே கொடுத்துவிடலாம். கடைசி மாத மின்சார, தண்ணீர்ப் பில் வரும்வரை முந்திய மாதப் பில்லின் அளவு காசை மட்டும் பிடித்துவைத்தால் போதும். குடியேறும் நாளில் மின்மானி, தண்ணீர்மானி இரண்டின் எண்ணையும் திகதியோடு படமெடுத்து இருவர் கைத்தொலைபேசியிலும் வைத்திருக்க வேண்டும். கடைசிப் பில்லில் நிலுவை என்ற இடத்தில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். பழையவர் விட்ட நிலுவைக்காகப் புதியவர் குடியேறிய வாரமே இணைப்பு வெட்டப்படக் கூடும்.

ஒரே மானியில் வீட்டுக்காரரும் அனெக்ஸில் இருப்பவரும் பங்கு போடும் வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மின்கட்டணம் படிப்படியாக ஏறும். இப்போதுள்ள முறையில் மாதம் 60 அலகைத் தாண்டிவிட்டால் முதல் 60 அலகுக்கும் கூடிய விலைதான். வீட்டுக்காரர் 55 அலகு, அனெக்ஸில் 50 அலகு என்றால் தனித்தனி மானியில் இருவருமே குறைந்த விலைக்குள் நிற்பார்கள். ஒரே மானியில் 105 ஆகி இருவருக்கும் ஏறிவிடும். உப மானி ஒன்று பூட்டி, மொத்தப் பில்லை மொத்த அலகால் பிரித்து, உப மானி காட்டும் அலகால் பெருக்குவதே நேர்மையான வழி. ‘மேலதிகமாக வந்தது முழுக்க உங்களுடையது’ என்று கடைசி மாதத்தில் சொல்வதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

கையெழுத்து யாருடையது என்பது நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம். இங்கே வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழமை. வீடு காட்டுகிறவர் தகப்பனாகவோ கணவனாகவோ இருப்பார். உறுதி மகளின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ இருக்கும். உறுதியில் பெயர் உள்ளவர்தான் கையெழுத்திட வேண்டும். மகளுக்குக் கலியாணம் பொருந்தினால் வீடு உடனே தேவைப்படும் என்பதும் இங்கே இயல்பு. அதை மறைக்காமல், ‘கலியாணம் நிச்சயமானால் இரண்டு மாத அறிவித்தல்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பில்லை. இப்படிக் காத்திருக்கும் சீதன வீடுகள்தான் குறுகிய தவணைக்கு மிகப் பொருத்தமானவை. பூட்டிவைத்துக் கறையான் பிடிக்க விடுவதைவிட ஆறு ஆறு மாதமாகக் கொடுக்கலாம்.

உரிமையாளர் கனடாவிலோ சுவிசிலோ இருந்தால், இங்குள்ளவரிடம் பதிவுசெய்த அற்றோனித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறதா, அதில் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று நொத்தாரிசு பார்ப்பார். ‘அண்ணன் போனில் சரி சொன்னவர்’ என்பது அங்கே எடுபடாது. அரச அனுமதிப்பத்திரக் காணியிலுள்ள வீடு என்றால் குத்தகை எழுதுவதில் தடைகள் உண்டு. முன்பணம் கொடுக்கும் முன்பே அதைக் கேட்டறிந்து, பிரதேச செயலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

ஒரு வருடம் இருப்பவர் எல்லாப் பருவத்தையும் காண்பார். மூன்று மாதம் இருப்பவர் ஒரே பருவத்தைத்தான் காண்பார். ஆகவே எந்த மாதத்தில் இருக்கப் போகிறீர்களோ அந்த மாதத்துக்கு ஏற்ற வீட்டைப் பார்க்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையென்றால் வெள்ளம்தான் முதல் கேள்வி. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் கடைசியிலும் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட அடுத்த வளவில் கேளுங்கள். புதிதாகப் பூசிய சுவரில் கீழ் இரண்டு மூன்று அடி மட்டும் வேறு நிறமாக இருந்தால் காரணம் கேளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் ஒழுங்கை முழங்காலளவு நின்றால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. நம் மணல் நிலத்தில் மாரிக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். மலக்குழி நிரம்பி, பக்கத்துக் கிணற்றில் கலக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடியாவது இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் உள்ள வீட்டையே எடுங்கள். வெள்ளத்தால் வீட்டில் இருக்க முடியாமற்போன நாட்களுக்கு வாடகை இல்லை என்ற ஒரு வரியைச் சேர்ப்பதை நல்ல வீட்டுக்காரர் மறுக்கமாட்டார்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதை வேறு. வாவியோரக் கிணறுகள் உவர்க்கும், குழாயில் அமுக்கம் குறையும். மாலை ஆறு ஏழு மணிக்குப் போய் மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். காலையில் பார்த்துவிட்டு வந்தால் தெரியாது. சீற் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத அறையில் பகலில் ஒரு நோயாளி படுத்திருக்க முடியாது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டச் செயலகம் திராய்மடுவுக்குப் போன பிறகு அந்தப் பக்கம் வீடு தேடும் உத்தியோகத்தர்கள் கூடியிருக்கிறார்கள். வந்தாறுமூலை, செங்கலடிப் பக்கம் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளுக்கே வீடுகள் போய்விடுகின்றன. ஆனால் விடுமுறைக் காலத்தில் அங்கே அறைகள் சும்மா கிடக்கும். இரண்டு மாதத் தேவைக்கு அவற்றை விசாரிக்கலாம். தேடலை நாலைந்து வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். எந்த வீடு எப்போது வெறுமையாகும் என்பதை அட்டைகளைவிட அந்த ஒழுங்கையின் மூலைக் கடைக்காரர் நன்றாக அறிவார்.

தனியாக வரும் பெண்களுக்கு வீடு மறுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாதியரும் ஆசிரியைகளும் மாதச் சம்பளத்தோடு, ஒழுங்காகப் பில் கட்டும் குடியிருப்பாளர்கள். அவர்களிடம் ‘குடும்பமாக வந்தால் பார்க்கலாம்’ என்று சொல்வதற்கு நியாயமான காரணம் ஒன்றுமில்லை. மச்சம் சமைக்கக் கூடாது, இரவில் கேற் பூட்டும் நேரம் இது, விருந்தினர் தங்குவதென்றால் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் வீடு காட்டும்போதே சொல்லிவிடுங்கள். காசு கைமாறிய பிறகு சொல்வது முறையல்ல.

வீட்டுக்காரரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கேற்றில் அட்டை போடும்போது ‘குறைந்தது ஒரு வருடம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வீடு தரமுடியும், மாத வாடகை எவ்வளவு, வைப்பு எத்தனை மாதம், நொத்தாரிசுச் செலவு யாருடையது என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். படுவான்கரையிலிருந்து பஸ்ஸேறி வருகிறவர் கேற்றில் நின்றே அதை வாசித்து, தன் கையிலிருக்கும் காசுக்கும் நாளுக்கும் அது சரிவருமா என்று தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
நொத்தாரிசு அலுவலகப் பணியாளர்கள் சிலர்,
மட்டக்களப்பு.